அமாக் சாரியின் அப்பா யார்?

மலேசியாவில், கோல சிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீஸ் கணக்கு பார்க்கும் தலைமைக் கிராணி. பெயர் விஷயத்தில் நிபுணன் என்று என்னை நானே நியமித்துக்கொண்டவன். கிளினிக்கில் என் பெயரின் பின்பாதியைப் பிடித்து, மலாயில் மரியாதையாக "என்சிக் சின்னசாமி" என்று கூப்பிடும்போதெல்லாம், அது காலமான என் அப்பா, அவர் இனி வரமாட்டார் என்று கவுண்டரில் பாடம் நடத்துவது என் வழக்கம்.

ஒருநாள் காலை, ஆட்கள் பெயர் கொடுத்து வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்குக் கூடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. எங்கள் ஆட்கள் பலருக்கும் ஊரான இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து ஒரு பெண் மலாயில் பேசினாள். அமாக் சாரியின் பக்கத்து வீடாம். அவர் கைப்பேசிக்கு லைன் போகவில்லையாம். சாரிக்கு இன்று ஆபரேஷன், ஒரே பயம், உள்ளே கொண்டுபோகும் முன் அமாக் சாரியின் குரலைக் கேட்க வேண்டுமாம். சற்று நேரத்தில் மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தலை சுற்றியது. அமாக் சாரி யார், சாரி யார்? பிறகு தெளிந்தேன். அதுதான் தப்பு. நம் வழக்கப்படி பின்னால் வருவது அப்பா பெயர். ஆகவே ஆள் அமாக், அவனைப் பெற்றவர் சாரி. கம்ப்யூட்டரில் அமாக் என்று யாரும் இல்லை. சரி, தகப்பனை வைத்துப் பிடிப்போம் என்று பெரட்டில் போய் நின்று, சாரி என்பவரின் மகன் யார், அந்தப் பெரியவருக்கு இன்று ஆபரேஷன் என்று அறிவித்தேன்.

லொம்போக் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு அப்பா பெயரைச் சொன்னார்கள். ஒருவர், தன் அப்பா நேற்றுக்கூட மாடு மேய்த்ததாக எனக்கு ஆறுதல் சொன்னார். போன் எப்போது வேண்டுமானாலும் அடிக்கும்.

ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆறுமுகம் பொறுமை இழந்தார்.

"கிராணியாரே, அந்தம்மா என்ன சொன்னிச்சோ அத அப்படியே சொல்லுங்கலா. நீங்க எதுக்குக் கதாகாலட்சேபம் பண்றீங்க?"

சொன்னேன். "அமாக் சாரி" என்று வாயெடுத்ததுமே டிராக்டர் ஓட்டும் ஜுனைடி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் கைப்பேசி முந்தின நாள் வாய்க்காலில் விழுந்திருந்தது. முதலில் சாரி என்ற பெயரைக் கேட்டதுமே நெஞ்சு திக்கென்றதாம்; நான் பெரியவர் என்றதால் வேறு யாரோ என்று இருந்துவிட்டானாம். சாரி அவன் மகள். ஏழு வயது. அவர்கள் பக்கம் முதல் பிள்ளை பிறந்ததும் தகப்பனுக்குப் பிள்ளை பெயர் வந்துவிடும். அமாக் என்றால் அப்பா. ஜுனைடி என்ற பெயர் பாஸ்போர்ட்டுக்கும் எனக்கும் மட்டும்தான்.

போன் அடித்தது. அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் தீவு மொழியில் அவன் பேசியது எனக்குப் புரியவில்லை. ஆனால் நடுவில் ஒருமுறை சிரித்தான், அந்தப் பக்கமும் சிரித்திருக்க வேண்டும். சாயங்காலம் செய்தி வந்தது, பிள்ளை கண் விழித்துவிட்டாள் என்று.

இளம் கிராணிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வந்த பெயரை வந்தபடியே கூப்பிடுங்கள். அர்த்தம் வேண்டுமானால் அந்த ஆளையே கேளுங்கள். செத்துப்போன என் அப்பாவை உயிரோடு இருப்பதுபோல் கூப்பிடுகிறார்கள் என்று சண்டை பிடித்த நான்தான், ஏழு வயதுப் பிள்ளையைக் கிழவராக்கினேன்.

லொம்போக் ஆட்கள் என் மகள் பெயரை விசாரித்துக்கொண்டு, இப்போது என்னை அமாக் கவிதா என்கிறார்கள். கிளினிக்கில் இன்னும் சின்னசாமிதான். இரண்டுக்கும் எழுந்து போகிறேன்.