பூச்சி மிட்டாய்

இரண்டு மாதமாக போன் ஆப்பில் சீன மொழி படிக்கிறேன். எங்கள் இரும்புலியூர் ஃபிளாட்டில் எல்லோருக்கும் தெரியும். நானே சொன்னதுதான்.

காலையில் எதிர்வீட்டு ஷாகிதா அக்கா ஒரு டப்பாவோடு வந்தார். சீனாவில் வேலை பார்க்கும் அவர் தம்பி அனுப்பிய மிட்டாய்.

"இதுல என்னா போட்டிருக்குன்னு பாரேன் ரேவதி."

போன் கேமராவைக் காட்டினால் அதுவே சொல்லியிருக்கும். எனக்குக் கெத்து. சீன எழுத்துக்குள்ளேயே பொருளைக் காட்டும் குறி ஒன்று இருக்கும். டப்பாவில் பெரிதாக இருந்த இரண்டு எழுத்திலும் பூச்சிக் குறி.

"ஏதோ பூச்சிக்கா" என்றேன்.

"யா அல்லாஹ்!"

டப்பா குப்பை வண்டியில் போய்விட்டது.

மதியம் சந்தேகம் வந்து தேடினேன். தேன். தேனீ ஒரு பூச்சி என்பதால் தேனுக்கும் அந்தக் குறி. வானவில்லுக்குக்கூட அதே குறிதானாம்.

போய்ச் சொன்னேன். அக்கா திட்டவில்லை.

"தம்பி இப்பத்தான் போன் பண்ணான். சின்ன வயசுல நான் வாங்கிக் குடுத்த தேன் மிட்டாய் மாதிரியே இருந்துச்சாம், அதான் அனுப்பினானாம். ரொம்ப நல்லா இருந்துச்சுடான்னு சொல்லிட்டேன்."

சீனத் தேன் மிட்டாய் சென்னையில் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டப்பாவில் எழுதியிருப்பதை நான் படிக்க மாட்டேன்.