டோப்ருக்கை நான் பிடித்த நாள்

என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மாதத்தில் தேவியை நான் பதினோரு முறை தோற்கடித்தேன். அதற்கு முன் ஒரு தடவைகூட அவளை ஜெயித்தது கிடையாது.

தேவி என் வகுப்புத் தோழி. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தாள். அவள் அப்பாவுக்கு டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீடு நெமிலிச்சேரியில். அம்மாவை வானகரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அப்பா அங்கேயே தங்கிவிட்டார். அம்மா வீடு திரும்பும்வரை நான் தேவி வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார்கள். எட்டாம் வகுப்பில் இருந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த விளையாட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போன யாரோ தேவியின் அப்பாவிடம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடந்த சண்டை. மஞ்சள் வரைபடம் முழுக்கத் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள். விரல்நகம் அளவு அட்டைத் துண்டுகள்தான் டாங்கிகள், சிப்பாய்கள், பெட்ரோல் லாரிகள். டாங்கி எத்தனை இருந்தாலும் பின்னால் லாரி வந்து சேராவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். தேவி என் டாங்கிகளைச் சீண்டவே மாட்டாள்; சுற்றி வந்து லாரிகளை மறித்துவிடுவாள். விதி விஷயத்தில் அவளிடம் இரக்கமே கிடையாது.

அப்படிப்பட்டவள் அந்த மாதம் தன் லாரிகளைக் காவலே இல்லாமல் விட்டாள். "இன்னாடி, மூளை துருப்பிடிச்சிக்கீதா?" என்று சீண்டினேன். அவள் பகடையை என் பக்கம் நகர்த்தினாள். என் திறமை வளர்ந்துவிட்டதாகவே நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகும்போது பெருமையடித்துக்கொள்வேன். அம்மா மூச்சு வாங்கியபடி, "பாவம்டி அவ, ஒரு ஆட்டமாச்சும் உட்டுக் குடு" என்பாள்.

ஒரு சனிக்கிழமை காலை. வரைபடத்தில் டோப்ருக் துறைமுகத்தை மூன்று பக்கமும் வளைத்திருந்தேன்; அதைப் பிடித்துவிட்டால் ஆட்டம் என்னுடையது. உள்ளே போன் அடித்தது. தேவியின் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கண்ணு, கெளம்புமா. அப்பா போன் பண்ணாரு. அம்மாவப் பாத்துட்டு வந்துரலாம்."

"இருங்க ஆன்ட்டி, இன்னும் கொஞ்சந்தான் கீது. புடிச்சிர்றேன்."

அவர் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்தால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று பயந்திருப்பார். ஆட்டோ கூட்டிவருவதாகச் சொல்லி வெளியே போனார்.

தேவி மடமடவென்று தன் துண்டுகளை வாரினாள். "நீதான் ஜெயிச்ச. டோப்ருக் உன்னுது. எழுந்திருடி."

எனக்கு ஆத்திரமாக வந்தது. தோற்கப்போகிறவள் ஆட்டத்தைக் கலைக்கிறாள்! "பிச்சை போடுறியா? இருந்த எடத்துலயே வெச்சு ஒழுங்கா ஆடு. ஆடி முடிச்சாதான் வருவேன்."

அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஆன்ட்டி இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை குரல் கம்மிப்போயிருந்தது. நான் பகடையை உருட்டிக்கொண்டிருந்தேன். தேவியின் கண்ணீர் வரைபடத்தில் சொட்டியது. அட்டை ஊறிவிடுமே என்று துடைத்துவிட்டு மறுபடி உருட்டினேன். ஒருவழியாக டோப்ருக்கில் என் டாங்கியை வைத்தபோது இருபது நிமிடம் ஆகியிருக்கும். அரை மணியாகக்கூட இருக்கலாம்.

ஆட்டோவில் தேவி என் கையை விடவே இல்லை. "ஆட்டந்தானடி, இதுக்குப் போயி அழுவாங்களா?" என்று அவளைத் தேற்றினேன்.

ஆஸ்பத்திரிப் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார். சித்திதான் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இப்பதான்டி... இப்பதான்..."

பல வருடம் கழித்து என் கல்யாணத்தின்போது சித்தி வாய்தவறிச் சொன்னாள்: "கெளம்பிட்டாளா, கெளம்பிட்டாளான்னு உங்கம்மா கேட்டுகினே இருந்தா. வந்துகினே கீறான்னு நானும் சொல்லிகினே இருந்தேன்."

அன்று அது எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து தேவி வீட்டுக்குப் போனதும் விளையாட்டை எடுக்கச் சொன்னேன். அது இப்போது வீட்டில் இல்லை, யாருக்கோ கொடுத்தாயிற்று என்றாள். தோற்றதைத் தாங்க முடியாமல் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து அவர்கள் ஊரைவிட்டுப் போகிற வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.