தங்கமாட்டம் பிறந்த பிள்ளைகள்

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கேட்பார்கள். சாகும். என் வயிற்றில் வந்த இரண்டு செத்தன.

மூத்தது பெண். கறுகறுவென்று பிறந்து, இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். அடுத்தது ஆண். பிறந்த அன்று சாயங்காலமே மேனி மஞ்சள் பூத்துவிட்டது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"தங்கமாட்டம் இருக்கான் பாருங்கடி எம் பேரன்! எங்க வம்சத்துலயே இந்த நெறம் கெடையாது!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

வெயிலில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக் கறுத்த சனங்களுக்கு நிறத்தின்மேல் அவ்வளவு ஆசை. நோய் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. நானும் பூரித்துப்போய்த்தான் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் பால் குடிக்க மறந்தான், உடம்பை வில்லாக வளைத்தான், போய்விட்டான். அதற்கடுத்தவனும் அதே நிறத்தில் வந்தபோது யாரும் தெருவைக் கூப்பிடவில்லை. அவன் இரண்டு நாள்கூட இருக்கவில்லை.

"பாம்புகூட ஒன்னு ரெண்டை விட்டு வைக்கும். நீ ஆம்பளப் புள்ளையாப் பாத்துத் திங்கிறியேடி" என்பார் மாமியார், சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு. புருசன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

என் அப்பாதான் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். பதில் வந்த அன்று, பொம்பளை சமாசாரம் என்று அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கால்ல முள்ளு தச்சா ஒடம்பு என்னம்மா செய்யும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சீழ் வச்சு வெளிய தள்ளும்ங்க. அது நம்மளுது இல்லீங்களே."

"வயித்துப் புள்ளையும் முழுசா உங்களுது இல்லம்மா. பாதி அப்பனோடது. இருந்தும் தாயோட ஒடம்பு அதைத் தள்ளாம பத்து மாசம் வச்சுக்குது. எப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. உங்க ரத்தமும் மூத்ததை அப்படித்தான் வச்சிருந்துச்சு. அவ பொறக்கையில அவ ரத்தம் கொஞ்சம் உங்க ரத்தத்துல கலந்துடுச்சு. உங்க புருசன் ரத்தம் வேற வகை, அவ ரத்தமும் அதே. உங்க ஒடம்பு வேத்தாள்னு அடையாளம் வச்சுக்கிச்சு. அப்புறம் வந்ததையெல்லாம் உள்ளயே அடிக்குது. அந்த மஞ்ச நெறமும் அதாலதான்."

நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் இதே ரத்தம் இருக்கலாம். சொல்லி வைங்க. பெரிய ஆசுபத்திரியில பெத்தா, பொறந்த ஒடனே ரத்தத்தை மாத்திப் பொழைக்க வைக்கப் பாப்பாங்க."

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி.

ஊருக்குத் திரும்பினால், புருசனுக்கு மறு கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. மாமியார் கறாராகச் சொன்னார்: "ஒந்தங்கச்சியக் குடுத்தா நீயும் ஒம் மகளும் இங்கயே கெடங்க. அசல்ல பொண்ணு எடுத்தா, ஒங்கப்பன் வீட்டுக்கு நடையக் கட்டு." அக்காளுக்குப் பிள்ளை நிற்கவில்லை என்றால் தங்கச்சியைக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். ரத்தத்தைப் பற்றி வாயைத் திறந்தால் அசல்காரி வருவாள். நான் வெளியே போவேன். வாயை மூடிக்கொண்டேன். தெரியாமல் செய்தால் பிழை, தெரிந்து செய்தால் பாவம் என்பார்கள். கல்யாணத்தன்று தங்கச்சிக்குத் தலை பின்னிப் பூ வைத்ததும் நான்தான்.

அவளுக்கு முதலில் பையன். கறுப்பாகப் பிறந்து நின்றுவிட்டான். "ஒரே வயித்துல பொறந்ததுகதான். ஒன்னு கரும்பு, ஒன்னு எட்டி" என்று மாமியார் என் காதுபடச் சொன்னார். டாக்டரம்மா சொன்னது பொய் என்று நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. எனக்கும் மூத்தது தங்கியதே என்பதை நினைக்காமல் இருக்கப் பழகினேன்.

மறுபடி அவள் உண்டானாள். ஒருநாள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், பேன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுவும் பையனாப் பொறந்தா ஒனக்கே தாரேன்க்கா. நீ வளத்துக்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெரிய ஆசுபத்திரிக்குப் போ என்றால் ஏன் என்பாள். சொன்னால், எப்போதிருந்து தெரியும் என்பாள். ஈர் குத்துவதுபோலக் குனிந்துகொண்டேன்.

பையன்தான் பிறந்தான். பொழுது சாய்வதற்குள் தங்கமாகிவிட்டான். மூன்றாம் நாள் வில்லாக வளைந்தான்.

குழி மூடிவிட்டு ஆண்கள் திரும்பியதும் மாமியார் என் மயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். "கண்ணு வச்சே கொன்னுட்டியேடி பாவி! ஒன் வயிறு எரிஞ்சது பத்தாதுன்னு இவ வயித்தையும் எரிச்சுட்டியே!"

நான் கையை எடுத்துத் தடுக்கவில்லை. கண் வைத்தவள் என்ற பழி, உள்ளே இருந்ததைவிட லேசாக இருந்தது.

பாயில் கிடந்த தங்கச்சி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்காவ விடுங்க அத்தே. அதோட கண்ணு எம் புள்ளைய என்ன பண்ணும்? கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?"