இரண்டு உலக்கை விழுகிற வார்த்தைகள்

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் சோரியாங்குப்பம் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. ஆற்றைத் தாண்டினால் கடலூர், இங்கிலீசுக்காரன் ஊர். அங்கே போனால் உத்தியோகம் கிடைக்கும் என்று அண்ணனை அங்கேதான் படிக்கப் போட்டார் எங்கள் நைனா. லீவில் வந்தால் அண்ணன் இங்கிலீசுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கத்துவான். நானும் அம்மாவும் ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்துவோம்.

'கைண்டுஹார்ட்டெடு', 'ஓல்டுஃபேஷன்டு' என்று இரண்டு வார்த்தையை ஒட்டவைத்த வார்த்தைகள் அவன் வாயில் கஞ்சி மாதிரி குழையும். பின்பாதியை அழுத்திச் சொல்லவில்லை என்று வாத்தியார் பிரம்பால் அடித்ததைச் சொல்லி அழுதான்.

நான்தான் சொன்னேன். "ண்ணே, ரெண்டு பேரு குத்தறாப்புல சொல்லு. கைண்டு, இது அம்மா உலக்க. ஹார்ட்டெடு, இது என்து. ஹார்-லதான் ஓங்கி வுழணும். டெடு, உலக்க தானா எழும்பிக்கும்."

நாங்கள் குத்தக் குத்த அவன் சொன்னான். நாலு நாளில் நாக்கு திருந்திவிட்டது. நைனா வாசலில் நின்று கேட்டுவிட்டுப் பூரித்துப் போனார். அதுதான் சமயம் என்று நான் உலக்கையைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"நைனா, என்னியும் பள்ளிக்கூடத்துல போடு."

"நெல்லு குத்தறவளுக்கு இன்னாத்துக்குடி இங்கிலீசு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நைனா இறங்கி வந்திருப்பார். பிள்ளை சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அவனோ சிரித்தான்.

"அதுக்கு சத்தந்தான் நைனா தெரியும். ஒண்ணுத்துக்கும் அர்த்தம் தெரியாது."

தெரியாதுதான். யார் சொல்லிக்கொடுத்தது? கேட்டபோதெல்லாம் 'உனுக்கு எதுக்குடி' என்றவன் அவனே அல்லவா!

மறுநாள் புத்தகத்தோடு கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்தான். "எங்க, இத்த குத்திக் காட்டு" என்றான், ஏதோ புது வார்த்தையை.

"அர்த்தத்தச் சொல்லு. குத்தறேன்."

"பொட்டச்சிக்கு வாயப் பாரு" என்று எழுந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டான். அங்கிருந்து அவன் கத்துவது கேட்டது. மறுபடி கஞ்சி மாதிரி குழைத்து, தப்பாகத்தான் சொன்னான். இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் திருத்தியிருக்கலாம்.

"குத்துடி, சோறு ஆக்க வாணாமா" என்றாள் அம்மா.

குத்தினேன். வாயை மட்டும் திறக்கவில்லை.