பவுடர் டப்பாவின் மூடி

சுவருக்கு அந்தப் பக்கம் பவுடர் டப்பாவின் மூடி ‘டக்’கென்று கழலும். உடனே என் ஓரகத்தி சிரிப்பாள். கொஞ்சம் பொறுத்துக் கொழுந்தனும் சிரிப்பான். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். செஞ்சி பஜாரில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கிறது வீடு. ஒரே கூரை, அண்ணன் குடும்பத்துக்கும் தம்பி குடும்பத்துக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் கொழுந்தன் டிரைவர். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேருவான். அதனால் அந்தச் சத்தம் கோட்டை மலைப் பாறையெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் மத்தியானங்களோடுதான் என் நினைவில் ஒட்டியிருக்கிறது.

கோட்டை மலைக் கல்வெட்டுகளைத் தேடிப் படிக்கிற ஆசையும், ஊரில் நடப்பதை மாதம், கிழமையோடு எழுதி வைக்கிற பழக்கமும் எனக்கு உண்டு. ஆகவே இதையும் வரிசையாகவே சொல்கிறேன். ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கிய புரட்டாசியில், கொழுந்தனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவன் அதை முதலில் சொன்னது அம்மாவிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடமும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்தே பெண்டாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவளும் போய் ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இல்லை.

அவள் ஒன்றும் பொறுமைக்குப் பேர்போனவள் அல்ல. தொண்டூரில் நிலபுலத்தோடு வளர்ந்தவள், பி.காம். படித்தவள், வாய் அதிகம். வெளியூரில் அவன் எங்கே போனான், யாரிடம் போனான் என்று அந்த ஐப்பசி முழுக்கச் சுவர் அதிரக் கேட்டாள். ஒருநாள் அவனுடைய துணிப் பையைத் தெருவில் வீசினாள். அவனே போய் எடுத்துக்கொண்டு வந்தான். அழுதான், ஒளிக்காமல் சொன்னான். அந்தச் சண்டையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? என் வீட்டுக்காரர் என்னிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. “சாப்பாடு ஆச்சா”, “கடைக்குப் போறேன்”, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துச் சுவர் எதையும் கேட்டதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் பயம். என் மாமியார் கொழுந்தனுக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் பிரித்து, அடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார். என் வீட்டுக்காரர் தம்பி உட்கார்ந்த நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைத்தார். இத்தனை ஜாக்கிரதை பார்த்தவர்களில் ஒருவர்கூட அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் தன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அந்தப் பொட்டுத் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள்.

“இன்னாடி பண்ற நீ?” என்று மாமியார் பதறினார்.

“தட்டுல ஒட்டாது அத்தை. ஒட்டற எடம் வேற. அத நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்.”

என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. கொழுந்தன் காது சிவக்கக் குனிந்து சாப்பிட்டான். ஆனால் அவன் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன். ‘நாங்க ரெண்டு பேரும்’ என்கிற அந்தச் சொல் அன்று முழுதும் என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் அந்த மூடிச் சத்தம் தொடங்கியது. மத்தியானத்தில் பவுடர் பூசிக்கொண்டு புருஷனுக்கு எதிரே நிற்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஆவணியில் மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணம். கிளம்புகிற அவசரத்தில் என் பவுடர் தீர்ந்திருந்தது. அவள் அறைக்குப் போய், சீப்புக்கும் கண்ணாடிக்கும் பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஆணுறைகள். பக்கத்தில் கொழுந்தன் தினமும் போடுகிற மாத்திரைப் புட்டி. வாசலில் அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டே நின்றிருந்தாள்.

“அக்கா, அது மூஞ்சிக்குப் பூசறது இல்ல.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளோ பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்களாம். ஒருதரம் தீர்ந்துபோய் மருந்துக் கடையில் கேட்டதற்கு, கடைக்காரர் இவள் முகத்தைப் பார்க்காமல் நியூஸ் பேப்பரில் சுற்றித் தள்ளினாராம். அங்கேயே பிரித்துக் காலாவதித் தேதியைப் பார்த்தாளாம். “‘தேதி பாக்க வேணாமாண்ணா’ன்னேன். அவருக்கு வேர்த்துப் போச்சுக்கா.” மாத்திரையை ஒருநாளும் விடாமல் போட்டால் கிருமி ரத்தத்தில் கண்ணுக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும், அதே நிலையில் வைத்திருந்தால் உறவில் அடுத்தவருக்குத் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொழுந்தனுக்கு அப்படிக் குறைந்தும் இருந்தது. “அப்புறம் எதுக்கு டப்பா?” என்று கேட்டேன். “வேற வியாதியும் வரக் கூடாது, இப்போதைக்குக் கொழந்தையும் வேணாம். அதுவுமில்லாம, அந்த மூடி தெறந்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துடுதுக்கா.” கல்வெட்டில் தேதி தேடி மலை ஏறியவள் நான். இப்படி ஒரு பொருளில் தேதி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

எனக்கும் ஒரு உபாதை இருந்தது. அதற்கு அடுத்த தையிலிருந்து அரிப்பும் வெள்ளைப்படுதலும் எரிச்சலும். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இது தம்பதிக்குள் மாறி மாறித் தொற்றுவது, இரண்டு பேரும் மாத்திரை சாப்பிட வேண்டும், சரியாகும்வரை சேராமல் இருங்கள் என்று சொல்லி இருவருக்கும் எழுதிக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரருடைய மாத்திரையை அவர் கையில் கொடுத்தேன். “எனக்கு இன்னா? நான் நல்லாத்தான இருக்கறேன்” என்று அவர் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சரியானது. அவர் வந்தார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்திரையில் மறுபடி வந்தது. ஆடியில் இன்னும் வலியோடு. இப்படியே விட்டால் கர்ப்பப்பை வரை போகும் என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். இரண்டொரு வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. அந்தப் பயத்தில் கிணற்றடியில் நின்று அழுததை ஓரகத்தி பார்த்துவிட்டாள். கேட்டாள், சொன்னேன்.

“மாமாகிட்ட நான் பேசட்டாக்கா? நான் பேசுனா கேப்பாரு.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. உன் புருஷன் உனக்குச் சிரிக்கிறான், போதாதா? என் புருஷனும் உன் பேச்சைத்தான் கேட்க வேண்டுமா? “என் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ உன் வேலையப் பாரு” என்றேன். அவள் முகம் வாடியது. அதில் எனக்கு அற்ப சந்தோஷம்கூட இருந்தது. நல்ல புத்தியோ தைரியமோ தராத பேச்சை, அந்த எரிச்சல்தான் எனக்குத் தந்தது.

அந்த ஞாயிறு, கடை அடைத்த மத்தியானம், அவர் பாயை விரித்தபோது கதவருகே நின்று சொன்னேன்: “நீங்க மாத்திர சாப்புட்டு முடிக்கற வரைக்கும் எனக்குத் தனிப் பாய். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா ஒங்ககிட்டயும் இருக்குது. மறுபடி மறுபடி எனக்கு வருது. வலிக்குதுங்க.”

அவர் பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். பிறகு, “யாரு சொல்லிக் குடுத்தா? அவளா?” என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் பேசினேன். அதுவும் அவள் கணக்கில் போய்விட்டது. “இல்ல. நான்தான்” என்றேன். கதவருகிலிருந்து நகரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அன்று ஒரு சத்தமும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மாலை அவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நியூஸ் பேப்பரில் நாலு மூலையும் மடித்து, சணல் நூல் போட்டு, அரைக்கிலோ சர்க்கரை கட்டுகிற மாதிரி அத்தனை ஒழுங்காகக் கட்டியிருந்தார். உள்ளே அவருக்கான மாத்திரை, கூடவே ஆணுறை. செம்பில் தண்ணீர் கேட்டு வாங்கி என் எதிரிலேயே மாத்திரையை விழுங்கினார். நானும் என் பங்கை மறுபடி சாப்பிட்டு முடித்தேன். அதன் பிறகு அந்த உபாதை எனக்கு வரவில்லை.

கொழுந்தனுக்குத் திண்டிவனத்தில் வேலை அமைந்து, அவர்கள் குடிபோய்விட்டார்கள். அந்த அறையில் இப்போது புளி மூட்டை அடுக்கியிருக்கிறோம். தீபாவளிக்கு வரும்போது அவள் அதே சிரிப்போடு “அக்கா” என்று கட்டிக்கொள்கிறாள், நானும் கட்டிக்கொள்கிறேன். எங்கள் அலமாரியிலும் ஒரு பவுடர் டப்பா இருக்கிறது. நான்தான் காலி டப்பாவைத் தேடிக் கழுவி வைத்தேன். தீர்வதற்கு முன்பே வாங்கி வந்து நிரப்புகிறவர் அவர். தேதி பார்க்கிறவள் நான். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. மத்தியானத்தில் மூடி ‘டக்’கென்று கழலும்போது மட்டும், அடுத்து வர வேண்டிய சத்தத்துக்காக என் காது காத்திருக்கிறது. வருவதில்லை. மூடியைத் திரும்பப் பொருத்தி, அவர் அதைச் சீப்புக்குப் பக்கத்தில் நேராக வைக்கிறார்.