பத்து விநாடி மூச்சு

நிற்காமல் ஓடுகிறவள் கெட்டிக்காரியா, நின்று நின்று ஓடுகிறவளா? நான் பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த நாட்களில் ஒருவர் இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பேக்கரியில் வேலை செய்யும் ஓர் அக்காவின் கதையைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. காலையில் பேக்கரி அடுப்பில் ரொட்டித் தட்டுகளைத் தள்ளுவாள். மாலையில் உள்ளரங்கக் கால்பந்து அணியில் கோலுக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடுவாள். அணியில் பதினைந்து பேர் இருந்தார்கள். போட்டிக்குப் பன்னிரண்டு பேர்தான் போக முடியும். எட்டு வருடமாக ஆடிய இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க, புதிதாக வந்த கோச் ஒரு சோதனை வைத்தார். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். 'பீப்' சத்தம் வருவதற்குள் அடுத்த கோட்டைத் தொட வேண்டும். போகப் போகச் சத்தம் நெருங்கி வரும். நடுவில் நிற்கவே கூடாது. அக்கா இரண்டாவது ஆளாக வெளியேறினாள்.

“ஆட்டத்துல யாரு கோச் இப்படி நிக்காம ஓடுறா? பாய்வோம், நிப்போம், மறுபடி பாய்வோம்,” என்றாள், மூச்சிரைக்க.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்று கோல்கீப்பர் சீண்டினாள்.

“நீ பேசாதடி! நீ நாலடிக்கு மேல ஓடி யாரு பாத்திருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். கோச் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை அவர் நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு மட்டுமே பயிற்சி கொடுத்தவர். அக்கா சொன்னது அவருக்கு உறைத்தது.

“சரிம்மா. வியாழக்கிழமை வேற மாதிரி ஒண்ணு வெக்கிறேன். அதுலயும் தோத்தா என்னைக் கேக்கக் கூடாது.”

வீட்டில் கணவர் சொன்னார்: “தோத்துட்டா சாயங்காலம் வீட்ல இருப்ப. எனக்குச் சந்தோஷந்தான்.”

“உங்க சந்தோஷத்துக்கு நான் ஏங்க தோக்கணும்?”

வியாழக்கிழமையும் அதே கோடுகள்தான். ஆனால் ஒருமுறை போய்த் திரும்பியதும் பத்து விநாடி நடந்துகொள்ளலாம். சின்னப் பெண்கள் சத்தத்தை முந்திக்கொண்டு ஓடினார்கள். கிடைத்த பத்து விநாடியிலும் கிண்டலும் கேலியும்தான். அக்கா முந்தவும் இல்லை, பேசவும் இல்லை. சத்தமும் அவள் காலும் ஒன்றாகக் கோட்டுக்கு வந்தன. பிறகு தோளைத் தளர்த்தி, மெதுவாக நடந்து, மூச்சை இழுத்து விட்டாள். ஒரு தட்டை அடுப்புக்குள் தள்ளி, அடுத்ததை எடுக்கும் இடைவெளியில் தினமும் செய்வதுதான் அது.

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். அக்கா உட்கார்ந்தபோது மூன்று பேர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“நாலாவது இடம். நீங்க வர்றீங்கம்மா,” என்றார் கோச்.

கோல்கீப்பர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “அப்பாடா! என் முன்னாடி நீ நின்னாதான் எனக்குத் தைரியம்.”

அக்கா முகம் கொள்ளாமல் சிரித்தாள்.

எந்த ஆட்டத்துக்கு ஓடுகிறாள் என்று முதலில் கேட்க வேண்டும், அதுதான் பதில். நிற்காமல் ஓட முடியவில்லை என்று ஒதுக்கப்பட்ட யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அப்படியே அவர்களுடைய கோச்சின் காதிலும் போட்டுவையுங்கள்.