சம்பந்தி கேட்ட இரண்டரை டிகிரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைக்கு வருகிறவர்களுக்கு பில் எழுதுவதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கோட்டுச்சேரி போகிற சாலையில் உள்ள என் வீல் அலைன்மென்ட் கடையில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், ஒரு பழைய டயர் ஆணியில் தொங்குகிறது. காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். வெளி ஓரம் மட்டும் பிய்த்துத் தின்றது போலத் தேய்ந்திருக்கும். உள் ஓரம் புதிது போல இருக்கும். ஓரத்தில் வெள்ளை பெயிண்டால் குறுக்கே இழுத்த ஒரு கோடு முக்கால்வாசி அழிந்து, கீழே பக்கவாட்டில் மட்டும் இரண்டு விரல்கடை மிச்சம் நிற்கிறது. அந்தக் கோட்டை இழுத்தவர் என் சம்பந்தி. அதை அழித்தவன் நான்.

சம்பந்தி என்றால் என் பெரிய பெண்ணின் மாமனார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரண ஆட்களும் சொந்தக் காரைக் கொண்டுபோய் அதில் ஓட்டலாம். ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடித்தோம் என்பது மட்டும்தான். யாரோ பழைய நண்பரோடு வேடிக்கை பார்க்கப் போனவருக்கு அது பிடித்துக்கொண்டது. தன்னுடைய சிவப்புச் சின்னக் காரை முதல்முறை ஓட்டியபோதே இரண்டு நிமிஷம் இருபத்துநாலு நொடி. "இருபதுக்குக் கீழ ஒரே ஒரு தடவ போயிட்டா போதும் சம்பந்தி. அப்பறம் காரக் கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பேன்" என்பார். அவர் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அந்த நாலு நொடியைத்தான்.

பெண்ணைக் கொடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் மனைவிக்கு இந்தக் கூத்து கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பேரப்புள்ள பாக்குற வயசுல ரேஸ் ஓட்டுறாராம். நீங்களும் ஒத்து ஊதுங்க. சம்பந்தி பம்பரம் விட்டாலும் நீங்க சாட்டையத் தூக்கிட்டுப் போவீங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். அதுதான் எனக்குள் முள்ளாகத் தைத்தது: "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, மருமக வந்த ராசின்னுதான் சொல்லும் ஊரு. அதுவும் உங்க கையால ரிப்பேர் பாத்த வண்டி."

அந்த ஆவணியில் காரைக் கடைக்குக் கொண்டுவந்தார். முன்சக்கரங்களை மேலே பிடித்திருக்கும் இடத்தில், சாய்மானத்தைக் கூட்டிக் குறைக்கிற தட்டுகளை வரவழைத்து மாட்டியிருந்தார். நோட்டைத் திறந்து காட்டினார்: முன் கேம்பர், மைனஸ் இரண்டரை டிகிரி. அதாவது இரண்டு முன்சக்கரங்களின் தலையும் உள்பக்கம் அவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும். வேகமாக வளையும்போது கார் வெளியே சாய்ந்து டயர் தன் ஓரத்தில் ஏறி நிற்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்துவைத்தால் வளைவில் முழு அகலமும் தரையில் பதியும். இந்தக் கணக்கு எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் இருபது வருஷமாக நான் ரோட்டுக்குக் கார் சரிசெய்கிறவன். அரை டிகிரி தாண்டினாலே "ஐயா, உள்பக்கம் டயர் தின்னுடும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். இரண்டரையில் பாதி நிறுத்திப் பார்த்தபோதே, கள்ளுக் குடித்தவன் முட்டியைப் போலச் சக்கரம் எனக்குக் கோணலாகத் தெரிந்தது.

ஓட்டுகிறவர் எடை உள்ளே இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்றார். அவரே உட்கார்ந்தால் வெளியே நின்று பார்ப்பது யார்? பக்கத்திலிருந்த என் வீட்டிலிருந்து மூன்று இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகளை எடுத்துவந்து டிரைவர் சீட்டில் அடுக்கி, சரியாமலிருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு அழைக்க வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வாங்க சம்பந்தி, எல போட்டாச்சு. அரிசி எங்கயும் ஓடிடாது, பெல்ட்டு போட்டுருக்கீங்கல்ல." அவரும் சிரித்துக்கொண்டே கைகழுவப் போனார்.

சம்பந்தி வந்தால் இலை போட்டு, அப்பளம் பாயசத்தோடு நிதானமாகப் பரிமாறுவதுதான் முறை. அந்த முறைதான் எனக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தது. கடையில் நானும் அரிசி மூட்டைகளும் மட்டும். ஈசனை நினைத்துக்கொண்டு போல்ட்டைத் தளர்த்தினேன். மைனஸ் அரை. கார் நேராக, சாதுவாகப் போகிற மாதிரி மற்றதையும் வைத்து முடுக்கினேன். அளவு காட்டும் கம்ப்யூட்டர் திரையை அணைத்தேன். சம்பந்தி கை துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ரெண்டர வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

"பிரிண்டு?"

"பேப்பர் தீந்துபோச்சுங்க சம்பந்தி."

அவர் நோட்டையும் பேனாவையும் நீட்டினார். "அப்ப உங்க கையாலயே எழுதிடுங்க." எழுதினேன். முன் இடது, இரண்டரை. முன் வலது, இரண்டரை. விபூதி பூசிய நெற்றியோடுதான் எழுதினேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இன்றும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வளைவில் கார் திரும்பாமல் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு போகிறது என்பார். காற்றை இரண்டு பவுண்டு ஏற்றுவார், அடுத்த முறை மூன்று பவுண்டு இறக்குவார். தடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் டயரை ஆறவைத்துக் காற்றுப் பிடித்தால் ஒரு கணக்கு, ஓடிச் சூடேறியபின் பிடித்தால் ஒரு கணக்கு என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். கெட்டியான ஸ்பிரிங் போட்டார். டயர் எவ்வளவு மடிந்து படுக்கிறது என்று பார்க்க, ஓரத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தார். அது உதிர்கிறது என்று பெயிண்டால் இழுத்தார். ஒவ்வொரு முறையும் கோடு பக்கவாட்டு வரை அழிந்து வந்தது. நேரம் இருபத்துமூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. எதை எதையோ மாற்றினார், மாற்ற வேண்டியதைத் தவிர. அது சரியாக இருக்கிறது என்றுதான் நோட்டில் என் கையெழுத்து சொல்லிக்கொண்டிருந்ததே! வேறு கடையில் ஒருமுறை காட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் வெட்டவெளிச்சமாகியிருக்கும். சம்பந்தி கடை இருக்கும்போது இன்னொரு கடை வாசலில் காரை நிறுத்தினால் எனக்கு மரியாதைக் குறைவு என்று அவர் போகவில்லை.

ஒருமுறை கட்டாயப்படுத்தி என்னையும் அழைத்துப் போனார். தலைக்கவசத்தைக் கழற்றியபோது நரைத்த முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. பக்கத்துக் கார்க்காரப் பையன் ஒருவன் வந்து குனிந்து பார்த்தான்.

"அங்கிள், கேம்பர் எவ்ளோ வச்சிருக்கீங்க?"

"ரெண்டர."

"ரெண்டரையா? பாத்தா நிமுந்து நிக்கிதே!"

"எங்க சம்பந்தி வச்சது தம்பி. அவரு கை தப்பாது." என் தோளைத் தட்டி, "இவருதான்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "கார் சரியாத்தான் இருக்கு. என் கைக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஜாக்கி இருந்தது, ஸ்பானர் இருந்தது, மதியம் இன்னொரு முறை ஓட்ட நேரமும் இருந்தது. "தண்ணி குடிங்க சம்பந்தி" என்று பாட்டிலை நீட்டினேன். திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஊர் வந்ததும் சத்தமில்லாமல் இரண்டரையை வைத்துவிடலாம் என்றால், கார் அடியோடு வேறு மாதிரி ஓடும், கண்டுபிடித்துவிடுவார். என் பெண் அப்போது முழுகாமல் இருந்தாள். ஒரு பொய், தன்னைக் காப்பாற்ற என்னையே காவலுக்கு வைத்துக்கொண்டது.

தை மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்தார். ஆனால் வேகமாக ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ரோட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திடுங்க மாமா." மேடையில் ஏற்றி, நாலு சக்கரத்திலும் கருவியை மாட்டி, திரையைப் பார்த்தேன். மைனஸ் அரை, மைனஸ் அரை. மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். "முடிஞ்சிதா மாமா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "முடிஞ்சிதுங்க மாப்ள" என்றேன். தேய்ந்த டயர் ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு வரிசை கொண்டுபோனபோது அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க எழுதுனதுதானே." சொல்லிவிட்டுப் பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். வரப்பு ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே சொல்கிற கண் அவருக்கு. சக்கரம் நிமிர்ந்து நிற்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டாரா? கேட்கத் துணியவில்லை. மறு வருஷம் அவர் ஈசனடி சேர்ந்தார்.

ஒரு மாம்பழம் எங்கிருந்து வந்தது என்று புருஷன் கேட்டதற்கு, உள்ளதை உள்ளபடி சொன்ன தாயைக் கும்பிடுகிற ஊர் இது. வருஷா வருஷம் அந்தத் திருவிழாக் கூட்டத்தில் நானும் கைகூப்பி நிற்கிறேன். சாமியிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் காரை ஓட்டியவர் சாமி இல்லையே.

இன்று காலையும் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினேன். டயர் தொங்குகிறது. இரண்டு விரல்கடை வெள்ளைக் கோடு அப்படியே இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தானே செய்தார் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். அவர் கைக்கு வயதாகிவிட்டது என்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்டது இரண்டரை. நான் வைத்தது அரை. அந்த எண்களை மட்டும் யாரும் மாற்றிவிட வேண்டாம்.